சான் லூ கோபுரத்துச் சாட்சி

ஸ்ட்ராஸ்பூர்,
வெள்ளி, 5 செப்டம்பர் 1986

ஒதீல்,

ஜூன் மாதம் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்த புருஷன், முதல் கடிதத்தில் நலம் விசாரிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். விசாரித்ததாக வைத்துக்கொள். இது வேறு விஷயம்.

புதன்கிழமைப் பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். சான் லூ தேவாலயக் கோபுரத்தின் சுழல்படியில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கழுத்தில் இருப்பது என் சால்வை, அது இருக்கட்டும். நாடு முழுக்கப் பழைய கட்டடங்களைத் திறந்துவிடும் அந்த ஞாயிறு, இருபத்தொன்றாம் தேதி, நம் தொர்வாலில் கோபுரத்தின் மேல் வரை பொதுமக்கள் ஏறலாம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாம்.

உன் தோளுக்குப் பின்னால் அந்த விரிசல் தெரிகிறது. அதன் குறுக்கே சாட்சியும் தெரிகிறது. சாட்சி என்றால் என்ன என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நீயே எத்தனை தடவை சொல்லியிருப்பாய்: விரிசலின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு பிளாஸ்டர் பூசி வைப்பார்கள், சுவர் அசைந்தால் அது உடைந்து காட்டிக்கொடுக்கும் என்று. அதை மார்ச்சில் பூசியவன் நான். மே மாதம் ஏறிப் பார்த்தபோது இரண்டாகப் பிளந்திருந்தது, நடுவில் என் நகம் நுழைந்தது. ஜூன் மாதம் கோவில் பராமரிப்புச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னேன். அதற்கு முன்பே ஏறிப் பார்த்திருந்த நகராட்சியின் கட்டடக்கலைஞர் எழுந்து, முழுசாக இருக்கிறது என்றார். சபையே சிரித்தது. மேயர் என்னிடமிருந்து கோபுரச் சாவியை வாங்கிக்கொண்டார். அந்த ஆள் ஏறாமலே பொய் சொன்னார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. படத்தில் சாட்சி முழுசாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பூசுகிற சாட்சியில், ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதி கீறுவேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். இதில் தேதி இல்லை. யாரோ உடைந்ததைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. நீ இல்லை என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

கோபுரத்தைத் திறக்காதே.

கில்பேர்


தொர்வால்,
திங்கள், 8 செப்டம்பர்

கில்பேர்,

'நம்ப ஆசைப்படுகிறேன்' என்று எழுதினாய் பார், அந்த ஒரு வரிக்காகவே உன் கடிதத்தை அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நம் சங்கத்து மதாம் வெர்தியே பக்கத்தில் இருந்தார், காரணம் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நீ போனதிலிருந்து இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இருபத்தைந்தாம் தேதி வியாழக்கிழமை நகராட்சி மன்றம் கூடுகிறது. சான் லூவைப் பழுது பார்ப்பதா, இல்லை பலகை அடித்து நிரந்தரமாக மூடுவதா என்று ஓட்டெடுப்பு. 'யாரு வர்றாங்க ஒதீல் அந்தக் கோவிலுக்கு? புறாவும் நீங்களுந்தான்' என்று மேயர் தெலமார் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவருக்கு நான் காட்டப்போகிற பதில் ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வரிசை. பழைய கோட்டையின் டியூக் வாசலுக்கு எப்போதும் கூட்டம் உண்டு. பழைய மருத்துவமனையின் ஓவிய உத்தரங்களைப் பார்க்க பஸ் வைத்து வருகிறார்கள். நம் கோவிலில் கோபுரத்தை விட்டால் காட்ட வேறு என்ன இருக்கிறது? கண்ணாடி ஜன்னல்கள் உலக யுத்தத்தில் போயின. பீடத்தைப் புரட்சியில் விறகாக்கினார்கள். நானூறு வருடம் நின்ற கோபுரம் மிச்சம். அதையும் திறக்காதே என்கிறாய்.

உனக்கு எல்லாமே விழப்போகிறது, கில்பேர். பாலம் விழும், தோல்பதனிடுவோர் தெருவின் சாய்ந்த வீடுகள் விழும், நம் சமையலறைக் கூரை விழும். கூரை இன்னும் என் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

ஜூன் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் உன் கோபம், எனக்குத் தெரியும். எதை வைத்துத் திறப்பேன்? சாட்சி உடைந்ததை நீ ஒருவன்தான் பார்த்தாய். மற்றவர்கள் முழுசாகப் பார்த்தார்கள்.

சுவரைப் பூதக்கண்ணாடியில் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

ஒதீல்


ஸ்ட்ராஸ்பூர்,
புதன், 10 செப்டம்பர்

ஒதீல்,

சுருக்கமாக எழுதுகிறேன். நேற்றும் அதற்கு முந்தின நாளும் நீ வேலை பார்க்கும் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். இருமலை வைத்தே நீதான் என்று தெரிந்துகொண்டேன்.

டார்ச் எடுத்துக்கொண்டு மேலே போ. தேதி இருக்கிறதா என்று பார். இருந்தால் ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன், வேண்டுமானால் மேயர் காலில் விழுகிறேன், நீ படம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொடு.

இல்லையென்றால், அடுத்த திங்களுக்குள் உன்னிடமிருந்து பதில் வரவேண்டும். வராவிட்டால் மாவட்ட ஆட்சி அலுவலகத்துக்கு நானே எழுதுவேன். அவர்கள் முதலில் மூடுவார்கள், கேள்வியை அப்புறம்தான் கேட்பார்கள். அது உன் கோவிலுக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் படியில் எதிரில் இறங்குகிறவனுக்கு வழிவிடக்கூட இடம் கிடையாது. மேலிருந்து ஒரு கல் பெயர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள், யோசித்துப் பார்.

முழங்காலுக்குக் களிம்பு போடுகிறாயா?

கில்பேர்


தொர்வால்,
ஞாயிறு, 14 செப்டம்பர்

கில்பேர்,

தேதி இல்லை.

வெள்ளிக்கிழமை ஏறிப் பார்த்தேன். வழவழவென்று, கேக்கின் மேல் கிரீம் பூசினது மாதிரி இருக்கிறது. உன் வேலை இவ்வளவு அழகாக இருக்காது என்று அப்போதே புரிந்துவிட்டது.

நேற்று சங்கத்து ஆட்கள் எல்லாரும் பெஞ்சுகளுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தபோது பொதுவாகக் கேட்டேன். மதாம் வெர்தியே துணியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அதுவா? நான்தான் பண்ணேன். மே மாசம் பெரிய சுத்தம் பண்ணோமே, அப்போ."

"என்ன பண்ணீங்க?"

"ஒடைஞ்சு அசிங்கமா தொங்கிட்டிருந்துச்சு. கட்டடக்கலைஞர் பாக்க வர்றாருன்னு சொன்னீங்களா, விருந்தாளி வரும்போது அப்படி விட்டு வைக்கலாமா? சுரண்டிட்டு எங்க வீட்டு பிளாஸ்டரையே கொண்டாந்து பூசிட்டேன். ரெண்டு நாள் கை வலி."

"கூட்டத்துல கில்பேர் ஒடைஞ்சுருச்சுன்னு சொன்னப்போ நீங்க இருந்தீங்களே. ஏன் சொல்லல?"

"அவரு சுவரு அசையுதுன்னுல்ல சொன்னாரு. நான் ஒடைஞ்சதச் சரிபண்ணது அவருக்குப் பிடிக்கலையோன்னு பயந்துட்டேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நான் எதுக்கு?"

பளபளக்கிற பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, நான் பாராட்டுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், யார் முன்னால் அழுவது?

ஆக, நீ பொய் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உனக்குத் தெரியும். நீ சந்தோஷப்படுவாய் என்றும் எனக்குத் தெரியும், படு.

ஆனால் ஆட்சி அலுவலகத்துக்கு மட்டும் எழுதாதே. இன்று கோபுரத்தை மூடினால், வியாழக்கிழமை மன்றத்தில் யாரும் கை தூக்கக்கூட வேண்டியிருக்காது. மே மாதத்தில் அசைந்தது என்கிறாய். அதற்குப் பிறகு மதாம் பூசியது உடையவில்லையே? நான்கு மாதமாக முழுசாக இருக்கிறது. ஒரே ஒரு நாள், கில்பேர். எத்தனை பேரை ஏற்றலாம், எப்படி ஏற்றலாம் என்று சொல். சொல்கிறபடி செய்கிறேன்.

ஒதீல்


ஸ்ட்ராஸ்பூர்,
திங்கள், 15 செப்டம்பர்

ஒதீல்,

சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம். அதற்குப் பிறகு பயம் வந்துவிட்டது.

நீ கேட்டது நியாயமான கேள்வி. நான்கு மாதமாக மதாமின் கிரீம் உடையவில்லை என்றால், சுவர் இப்போது சும்மா இருக்கிறது. ஏறுகிறவர்களின் எடை அந்தச் சுவருக்கு ஒரு பொருட்டே இல்லை, அது ஏற்கெனவே மலையளவு கல்லைச் சுமந்து நிற்கிறது. பத்துப் பத்துப் பேராக ஏற்று. இறங்கி முடிந்த பிறகு அடுத்த பத்து. காற்று பலமாக அடித்தால் யாரையும் ஏற்றாதே.

பிளாஸ்டரை நம்பாதே. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை, மருந்தகத்தில் கிடைக்கும், விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டரால் ஒட்டு. பிளாஸ்டரை யாராவது அழகுபடுத்திவிடலாம், கண்ணாடி உடைந்தால் மறைக்க முடியாது. நீயே ஒட்டு. மதாமைக் கிட்டே விடாதே.

என்னை உறுத்துவது வேறு. மார்ச் நடுவில் பூசினேன், மே மாதம் உடைந்திருந்தது. நாற்பது வருடமாக அந்த விரிசல் ஒரு முடி அளவுகூட அகலவில்லை, பழைய அளவுகளெல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த வசந்தத்தில் மட்டும் எது அதை அசைத்தது? புயல் இல்லை. பக்கத்தில் யாரும் பள்ளம் தோண்டவில்லை. எது என்று தெரியாதவரை எனக்குத் தூக்கம் வராது. நீயும் யோசி.

ஆட்சி அலுவலகத்துக்கு எழுதவில்லை. எழுதி வைத்ததைக் கிழித்துவிட்டேன்.

கில்பேர்


தொர்வால்,
புதன், 17 செப்டம்பர்

கில்பேர்,

கண்ணாடி ஒட்டியாகிவிட்டது. நேற்று மாலை நானே ஒட்டினேன், விரலில் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். இன்று காலை பார்த்தேன், முழுசாக இருக்கிறது. தேதியும் எழுதினேன், உன்னைப் போலக் கோழிக் கிறுக்கலாக இல்லாமல்.

பத்துப் பேர் கணக்குக்கு வாசலில் சங்கத்து ஆட்கள் நிற்பார்கள். காற்று இருக்காது என்று வானொலி சொல்கிறது. நிகழ்ச்சியும் முடிவாகிவிட்டது: காலை ஒன்பதுக்குத் திறப்பு, பதினொன்றுக்குப் பாடகர் குழு, பன்னிரண்டுக்கு மேயர் வருகிறார். வேறு வழியில்லாமல் வருகிறார், டீவிக்காரர்கள் வருகிறார்களாம். அவர் வந்ததும் பெரிய மணியை ஆட்டி அடிக்கப்போகிறார்கள். கடிகாரத்துச் சுத்தியல் டொக்கு டொக்கென்று தட்டுகிறதே, அதில்லை. மணியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, ஊர் முழுக்கக் கேட்கும். ஈஸ்டருக்கு அடித்துப் பார்த்தோம், அதே நாலு பையன்கள்தான் கயிறு இழுக்கிறார்கள். நீ அப்போது நான்சி நகரத்தில் உன் அம்மாவின் அடக்கத்தில் இருந்தாய். அந்தச் சத்தத்தை நீ கேட்டதே இல்லை. உலக யுத்தத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடித்தது, கிழவர்கள் தெருவில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். துக்கத்தோடு நீ திரும்பி வந்ததால் நான் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

களிம்பு போடுகிறேன். உன் அறையில் கணப்பு இருக்கிறதா? அந்த ஊரில் செப்டம்பரிலேயே குளிர் வந்துவிடும் என்கிறார்கள்.

ஒதீல்


ஸ்ட்ராஸ்பூர்,
வெள்ளி, 19 செப்டம்பர், விரைவுத் தபால்

ஒதீல்,

மணிதான். மணியை அடிக்க விடாதே.

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எல்லாரும் கோவிலில் என்றார்கள். கோவிலில் போன் இல்லை. இப்போதே கிளம்பிவிடுவேன், ஆனால் நாளையும் ஞாயிறும் இங்கே கதீட்ரலில் சாரத்தை நான்தான் பார்க்க வேண்டும், என்னை நம்பி மேலே ஆட்கள் நிற்கிறார்கள். இதற்காக என்னை நீ வைதுகொள்ளலாம்.

கவனமாகப் படி. மார்ச்சில் சாட்சி பூசினேன். மார்ச் கடைசியில் ஈஸ்டருக்கு மணியை ஆட்டினார்கள். மே மாதம் சாட்சி உடைந்திருந்தது. அதற்குப் பிறகு மணி ஆடவில்லை, மதாமின் பிளாஸ்டரும் உடையவில்லை. வேறு என்ன வேண்டும்? சுத்தியல் தட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று டன் மணி ஆடும்போது கோபுரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறது, வேலிக்கம்பைப் பிடுங்க நாம் ஆட்டுவோமே அது மாதிரி. கம்பு ஆடிக்கொண்டே இருந்துவிட்டு ஒரு கட்டத்தில் கையோடு வந்துவிடும். ஈஸ்டரன்று படியில் யாரும் இல்லை. ஞாயிறன்று பன்னிரண்டு மணிக்குப் பத்துப் பேர் உள்ளே இருப்பார்கள், வரிசை முழுக்க அடிவாரத்தில் நிற்கும்.

அடுத்த ஆட்டத்திலேயே விழும் என்று சொல்ல என்னால் முடியாது. விழாது என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஜனங்கள் ஏறட்டும். மணி வேண்டாம். மேயரிடம் நேரில் சொல். என் பெயரைச் சொல்லாதே, சொன்னால் கேட்கமாட்டார்.

கில்பேர்


தொர்வால்,
திங்கள், 22 செப்டம்பர்

கில்பேர்,

உன் கடிதம் சனிக்கிழமை மதியம் வந்தது. மாலையே மேயர் வீட்டுக்குப் போனேன். கையில் மதுக் கோப்பையோடு வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

"டீவிக்காரங்க மணிக்காகத்தான் வர்றாங்க, ஒதீல். மணி இல்லன்னா அவங்க எதுக்கு, நான் எதுக்கு?"

"சுவரு தாங்காது."

"எந்தச் சுவரு? என் ஆளு ஏறிப் பாத்தாரே, முழுசாத்தான இருந்துச்சு."

மதாம் பூசிய கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, அவரிடமும் ஒரு தடவை சொல்லச் சொன்னார்.

ஞாயிறு காலை எட்டரைக்கே வரிசை வந்துவிட்டது. கில்பேர், நீ பார்த்திருக்க வேண்டும். சந்தைக் கூடம் வரை போய்த் திரும்பி வந்தது வரிசை. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு, நம் கோவிலுக்கு. பத்துப் பத்துப் பேராக ஏறினார்கள், இறங்கும்போது எல்லார் முகமும் சிவந்திருந்தது. பதினொன்றரை வரை என் வாழ்க்கையிலேயே நல்ல காலை அது. கயிறு இழுக்கிற பையன்கள் கையுறை போட்டுக்கொண்டு வந்ததும் அடுத்த பத்துப் பேரை ஏற்றாமல் நிறுத்தினேன். கடைசிப் பத்துப் பேர் இறங்கியதும் படிக்கதவைப் பூட்டினேன். மணிக்கயிற்றுக்குப் போக வேறு வழி கிடையாது. சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மேயர் தோளில் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையோடு வந்தார். பின்னால் டீவி விளக்கு.

"சாவியக் குடுங்க ஒதீல், விளையாடாதீங்க."

"தரமாட்டேன். மணி ஆடுனா கோபுரத்துச் சுவரு பிளக்கும்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

நீ பெயரைச் சொல்லாதே என்று எழுதியிருந்தாய்.

"என் புருஷன் சொன்னாரு. ஜூன் மாசமே சொன்னாரு. நான்தான் கேக்கல."

"ஓடிப்போன ஆளு சொன்னதுக்கா ஊரு மணிய நிறுத்துறீங்க?"

சிரித்தார்கள், கில்பேர். மேயரின் ஆட்கள் மட்டுமில்லை. காலையிலிருந்து நின்ற ஜனங்களும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு கோபமாக மாறியது. ஒருவர், "அரை நாளா நிக்கிறோம், இந்தம்மா வீட்டுச் சண்டைக்கா?" என்றார். போலீஸைக் கூப்பிடலாம் என்று மேயரின் காதில் யாரோ சொன்னார்கள். பெண்பிள்ளையைத் தூக்குவதை டீவியில் காட்ட அவருக்கு மனசில்லை. எல்லாரையும் டியூக் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரத்தில் கோவிலில் நானும் மதாம் வெர்தியேவும் மட்டும் இருந்தோம். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் பாதி ஆப்பிளைக் கொடுத்தார்.

இன்று காலை ரொட்டிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. வியாழக்கிழமை என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. வரிசையைக் காட்டிக் கோவிலைக் காப்பாற்ற நினைத்தேன். வரிசையை நானே கலைத்தேன், அதுவும் ஆபத்து என்று என் வாயாலேயே சொல்லி.

நீ திட்டினாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். கடையிலிருந்து நேராக மேலே ஏறினேன். கண்ணாடி உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினேன். ஒரு கீறலாவது இருக்கட்டும், எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜையில் வைக்கலாம் என்று. முழுசாக இருந்தது. என் கோவில் பிளக்கவில்லையே என்று படியில் உட்கார்ந்து அழுதேன். எப்பேர்ப்பட்ட பொம்பளை நான்?

ஒதீல்


ஸ்ட்ராஸ்பூர்,
செவ்வாய், 23 செப்டம்பர்

ஒதீல்,

உன் கடிதத்தைச் சாரத்தின் மேல் நின்றபடியே பிரித்தேன். உன்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, என்னைப் பற்றிச் சொல்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, யாருக்காவது அடிபட்டதா என்று நான் தேடவில்லை. 'உடைந்தது' என்ற சொல்லைத்தான் தேடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினேன். கிடைக்கவில்லை என்றதும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்புறம்தான் முதலிலிருந்து படித்தேன். நீயாவது அழுதாய்.

மணி ஆடாததால் கண்ணாடி உடையவில்லை. நான் சொன்னது சரியா தப்பா என்று இனி யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நீ பூட்டிவிட்டாய், நல்ல வேலை செய்தாய்.

ஆறு வருடம் அந்தக் கோவிலுக்காக நீ அலைந்ததை ஊரில் யாரையும்விட நான் பார்த்திருக்கிறேன். என் பெயரைச் சொன்னதற்காக உன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் வேலையை நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

வியாழன் காலை ரயிலில் வருகிறேன். வேலையில் சொல்லிவிட்டேன். மன்றத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம். மணியைச் சுத்தியலால் மட்டும் தட்டலாம், சுவரை இரும்புப் பட்டையால் கட்டலாம், அதற்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்டால் காட்டுவேன். கேட்கமாட்டார்கள். ஆதாரம் எங்கே என்றுதான் தெலமார் கேட்பார். இல்லை என்று சொல்வோம். பலகை அடித்தாலும் அடிக்கட்டும், ஒதீல். உன்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் அன்று மதியம் முழுசாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

கில்பேர்